கொடி ரோஸை என்ன செய்வது? ஒரு குட்டித் தீவுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

வாசல் கேட்டுக்கு மேலே கம்பியை வளைத்துக் கட்டி ஏற்றிவிட்ட கொடி ரோஸைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பூக்கும், மதில் ஓரத்துச் சரளை மண்ணானாலும் பூக்கும். காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் தேனீக்களின் ரீங்காரம்தான் முதலில் காதில் விழும். பெயரில்தான் ரோஸ், ரோஜாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. செடியியல் கணக்கில் இது நம் சுக்கான்கீரையின் குடும்பம். ஆன்டிகோனன் லெப்டோபஸ் என்பது அறிவியல் பெயர், சொந்த ஊர் மெக்சிகோ.

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரிலும் ஒன்று இருந்தது. குழாய் பதிக்க இடம் வேண்டுமென்று அடியோடு வெட்டினோம். சில வாரங்களில் சிமென்ட் விரிசல் வழியாக ஒரு தளிர் எட்டிப் பார்த்தது. மறுபடி வெட்டினோம், மறுபடி வந்தது. கடைசியில் கடப்பாரையைப் போட்டுத் தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே நாம் பார்ப்பது பாதிச் செடி. மீதிப் பாதி, கிழங்குக் கிழங்காக மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வீட்டுச் சுவரில் இது தொல்லை, அவ்வளவுதான். ஒரு தீவு முழுக்க இதே கதை என்றால்?

கரீபியன் கடலில் சின்ட் யூஸ்டேஷியஸ் என்றொரு தீவு. ஊர்க்காரர்கள் ஸ்டேஷியா என்பார்கள். மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சிப் பரப்பில் இருபதில் ஒரு பங்கு. மக்கள் மூவாயிரத்துச் சொச்சம். தென்கோடியில் குவில் என்ற உறங்கும் எரிமலை, 601 மீட்டர் உயரம். வடக்கே வறண்ட குன்றுகள், நடுவில் சமவெளி. 18ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் வரிசைகட்டி நின்ற வணிகத் துறைமுகம் இது. 1776 நவம்பர் 16 அன்று அமெரிக்கக் கொடி பறந்த கப்பலுக்கு இந்தத் தீவின் கோட்டையிலிருந்து பீரங்கி மரியாதை செலுத்தினார்கள். அந்த ஒரு சம்பவத்தால்தான் வரலாற்றுப் புத்தகங்களில் இதன் பெயர் வருகிறது. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி.

வணிகம் போனது, தோட்டங்கள் கைவிடப்பட்டன. அழகுக்காகக் கொண்டுவந்த கொடி ரோஸ் அந்தக் காலி நிலங்களில் இறங்கியது. அங்கே இதன் பெயர் கோரலிட்டா. பசிபிக் தீவான குவாமிலும் இதே கொடி இதே வேலையைச் செய்கிறது. அங்கே ஸ்பானிய மொழியில் ‘கடேனா தெ அமோர்’, அதாவது காதல் சங்கிலி. பெயர் வைத்தவர் வெட்டிப் பார்த்தவராக இருக்க முடியாது.

இது மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அல்ல. மேலே ஏறிப் போர்வை மாதிரி மூடும். அடியில் இருப்பதற்கு வெயில் கிடைக்காது. புதர் சாகும், மரக்கன்று சாகும். சிறிய ஆண்டிலிஸ் இகுவானா என்ற, அழிவின் விளிம்பில் இருக்கும் பெரிய ஓணான் இனம் இந்தத் தீவில் வாழ்கிறது. அது முட்டையிட, வெயில் படும் வெற்று மண் வேண்டும். அந்த மண்ணைக் கொடி மூடிவிட்டால் குழி பறிக்க இடமில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாமல் ஸ்டேஷியாவில் மட்டும் வளரும் செடி ஒன்று இருக்கிறது: ஐபோமியா ஸ்ஃபீனோஃபில்லா. அதுவும் ஒரு பூங்கொடிதான், நம் தாலிக்கீரை இனம். வந்தேறிக் கொடி மண்ணின் கொடியின் இடத்தைப் பிடிக்கிறது.

முல்லைக்குத் தேர் கொடுத்தார் பாரி. கொடி ரோஸுக்குக் கொடுத்திருந்தால் அடுத்த மழைக்குள் தேர் எங்கே நின்றதென்றே தெரிந்திருக்காது.

சரி, என்ன செய்யலாம்? ஸ்டேஷியா போன்ற ஒரு தீவின் பொறுப்பு நம் கையில் இருக்கிறது, பணமும் ஆளும் கொஞ்சம்தான் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். எனக்கு முதல் அளவுகோல் ஒன்றுதான்: இந்த வழி கிழங்கை எட்டுகிறதா? எட்டாவிட்டால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண் செலவு.

சும்மா விடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தேன் எடுப்பவர்களுக்கு இந்தக் கொடி பொக்கிஷம். வருடத்தின் பெரும் பகுதி பூத்துக்கிடப்பதால் மற்றப் பூக்கள் இல்லாத நாளிலும் தேனீக்குத் தீனி உண்டு. பார்க்கவும் அழகு. கடும் வறட்சியில் மேல்கொடி காய்ந்து சருகாகிவிடும், ‘அதுவே அடங்கிவிட்டது’ என்று தோன்றும். மழை வந்ததும் கிழங்கிலிருந்து மறுபடி புறப்படும்.

ஏற்கெனவே முழுதாக மூடிவிட்ட பாழ்நிலத்தில் சும்மா விடுவதுகூட ஒரு நியாயமான முடிவுதான். இதைப் பின்னால் மறுபடி சொல்லப்போகிறேன். ஆனால் தீவு முழுவதற்கும் இதையே கொள்கையாக வைத்தால் கொடி நின்ற இடத்தில் நிற்காது. இதன் பூவை உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும். இளஞ்சிவப்பு இதழ் போல நாம் பார்ப்பது பூ முடிந்ததும் உதிர்வதில்லை. காய்ந்து, காகிதம் போல மெலிந்து, மூன்று முனை கொண்ட விதையைச் சுற்றி நிற்கிறது. அந்தக் காகிதச் சட்டை தண்ணீரில் மிதக்கும். மழை ஓடை ஒன்று போதும், மேட்டில் இருந்தது பள்ளத்துக்கு வந்துவிடும்.

வெட்டுவது

எல்லா ஊர் நிர்வாகமும் முதலில் செய்வது இதைத்தான், ஏனென்றால் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியும் வேலை இது. காலையில் பச்சைப் போர்வை, மாலையில் வெட்டவெளி.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி ஊர் ஊராகச் சீமைக்கருவேலத்தை வெட்டினோம். தூரோடு எடுத்த இடத்தில் பலன் இருந்தது. மேலோடு வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்தது. கொடி ரோஸை வருடத்துக்கு ஒருமுறை வெட்டுவதற்கு ஒழிப்பு என்று பெயரில்லை. அதன் பெயர் கவாத்து.

வெட்டியே கிழங்கைச் சாகடிக்க முடியாதா என்றால், கணக்குப்படி முடியும். ஒவ்வொரு தளிரும் கிழங்கின் சேமிப்பிலிருந்துதான் எழுகிறது. அந்தத் தளிரின் இலை விரிந்து, சமைத்த உணவைத் திருப்பி அனுப்புவதற்கு முன்பே வெட்டிவிட்டால் கிழங்குக்கு நஷ்டம். இப்படி விடாமல் சில வாரத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்கில் செய்தால் சேமிப்பு தீரும். வீட்டுத் தோட்டத்தில் செய்யலாம். சாலை ஓரத்தில், எப்படியும் புல் வெட்ட ஆள் போகிற இடத்தில், செய்யலாம். எரிமலைச் சரிவில் யார் போய் மாதம் இரண்டு முறை வெட்டுவது? ஒரு தவணை தவறினால் கிழங்கு மறுபடி கொழுத்துவிடும்.

வெட்டுவதில் இன்னொரு சிக்கல், வெட்டிப்போட்ட கொடி. தண்டுத் துண்டும் வேர்விடக்கூடியது. லாரியில் அள்ளிக்கொண்டு போகும் வழியெல்லாம் சிந்தினால், செலவு செய்து நடவு செய்கிறோம் என்றுதான் அர்த்தம்.

ஆடு

இதைச் சொன்னதும் நம்மில் பாதிப் பேர் கேட்பது: ஆட்டை விட்டால் தின்றுவிடாதா? ஸ்டேஷியாவில் ஆட்டுக்குப் பஞ்சமே இல்லை. கட்டாமல் திரியும் ஆடுமாடுகள்தான் அந்தத் தீவின் இன்னொரு தலைவலி. ஆடு கொடியைக் கடிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அது கடிப்பது இலையை. கிழங்கைத் தோண்டித் தின்னாது. அதோடு கொடியை மட்டும் தின்னென்று ஆட்டுக்கு உத்தரவு போட முடியாது. கொடிக்குப் போட்டியாக வளர வேண்டிய மரக்கன்றை முதலில் முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கும். இந்த வழியை இங்கேயே விட்டுவிடலாம்.

தோண்டுவது

கோரையைக் கையால் பிடுங்கி ஏமாந்த விவசாயிக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிழங்கு வெளியே வந்தால்தான் கதை முடியும். கொடி ரோஸுக்குத் தோண்டுவதுதான் நேர்மையான வழி. மருந்து வேண்டாம், பக்கத்துச் செடிக்குக் கேடில்லை, செய்த வேலை செய்ததுதான்.

ஆனால் வியர்வை கணக்கில்லாமல் போகும். கிழங்குகள் ஒரே ஆழத்தில், ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒன்றை எடுத்ததும் பக்கத்தில் கல்லுக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும். உடைந்த துண்டு உள்ளே நின்றால் அதுவும் தளிர்க்கும். எங்கள் சுவர் ஓரத்தில் ஒரே ஒரு கொடிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது, அதன் பிறகும் இரண்டு முறை தளிர் வந்தது. இதை ஹெக்டேர் கணக்கில் பெருக்கிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. சரிவான நிலத்தில் தோண்டினால் மண் இளகி மழையில் ஓடும் என்பது வேறு. கிளறிவிட்ட வெற்று மண்தான் இந்தக் கொடியின் விதைக்குப் பிடித்த மெத்தை. பெரிய பரப்பைத் தோண்டிவிட்டு வெறுமனே விட்டால், நாமே உழுது கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆகவே தோண்டுவது சின்ன இடத்துக்கு. ஒரு அறை அளவு, போனால் ஒரு வீட்டு மனை அளவு. அந்த அளவில் இதை மிஞ்சியது வேறில்லை.

கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து மூடி, வெயில் படாமல் கிழங்கைப் பட்டினி போடும் வழியும் உண்டு. சமதளத்தில் சிறு திட்டுக்கு உதவும். புயல் வரும் தீவில், பாறை நிறைந்த சரிவில், அந்தப் பிளாஸ்டிக் எங்கே போய்ச் சேரும் என்பதையும் யோசித்துவிட்டு விரிக்க வேண்டும்.

மருந்து

களைக்கொல்லி என்றதும் சிலருக்கு உடனே ‘கூடாது’, சிலருக்கு உடனே ‘அடித்துத் தள்ளு’. இரண்டுமே யோசிக்காமல் சொல்வது.

கிளைபோசேட் போன்ற மருந்தின் சிறப்பு, அது இலையில் பட்டதும் செடிக்குள் புகுந்து, உணவு போகும் பாதையிலேயே பயணம் செய்வது. ஆகவே கிழங்கை எட்டும் தகுதி அதற்கு உண்டு. ஆனால் எப்போது அடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மழை பெய்து, கிழங்கிலிருந்து தளிர் துள்ளி வரும் நாளில் உணவு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். அப்போது அடித்தால் தளிர் கருகும், கிழங்கு தப்பிக்கும். இலை முற்றி, வறட்சிக்கு முன்னால் கிழங்குக்கு உணவு இறங்கும் பருவத்தில் அடித்தால் மருந்தும் கூடவே இறங்கும். துரதிருஷ்டம் என்னவென்றால் கொடி பூத்துக் குலுங்கி, தேனீ மொய்ப்பதும் அந்தச் சமயத்தில்தான்.

இரண்டாவது பிரச்சினை, அது ஆள் பார்த்து அடிக்காது. கொடி போர்த்தியிருக்கும் புதரும் மரக்கன்றும் சேர்ந்தே கருகும். உலகில் இந்த ஒரு தீவில் மட்டும் இருக்கும் அந்தத் தாலிக்கீரை இனக் கொடி பக்கத்தில் இருந்தால் அதற்கும் அதே கதி. மூன்றாவது, தண்ணீர். ஸ்டேஷியாவில் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துச் சேமிக்கும் வழக்கம் உண்டு. சரிவில் ஓடும் தண்ணீரோ நேரே கடலுக்குப் போகிறது. 1996 முதல் தீவைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. பவளப்பாறை மேல் களைக்கொல்லி கலந்த தண்ணீர் இறங்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. தெளிக்காமல், தண்டைத் தரைமட்டத்தில் வெட்டி, வெட்டிய வாயில் உடனே தூரிகையால் மருந்தைத் தடவுவது. மருந்து கொஞ்சம்தான் செலவாகும், பக்கத்துச் செடிக்குப் படாது, காற்றில் பறக்காது. ட்ரைக்ளோபைர் போன்ற மருந்துகளையும் இந்த முறையில் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு தண்டாகத் தேடிப்பிடித்துச் செய்ய வேண்டும் என்பதால் ஆள்கூலி அதிகம். ஒருமுறையோடும் முடியாது. தப்பிய கிழங்கு தளிர்க்கும்போது திரும்பவும் வர வேண்டும். ஆனாலும் கல்லுக்கு நடுவே தோண்ட முடியாத இடத்தில் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பூச்சியைக் கொண்டு வருவது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எல்லோருக்கும் ஆசை காட்டும் வழி இது. தமிழ்நாட்டு விவசாயிக்கு இதன் ருசி தெரியும் என்பதும் ஒரு காரணம்.

2008இல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி தென்பட்டது. மல்பெரி, மரவள்ளி என்று தாவித் தாவிப் பரவியது. என்ன மருந்தடித்தும் நிற்கவில்லை. அந்தப் பூச்சியின் சொந்த ஊரும் மெக்சிகோதான், கொடி ரோஸைப் போலவே. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இந்தக் கதையில் பங்குள்ளவர்களில் ஒருவர் பூச்சியியல் அறிஞர் ரங்கசாமி முனியப்பன். அவர் அதற்கு முன் பல வருடம் வேலை பார்த்தது குவாம் பல்கலைக்கழகத்தில். அங்கே குரோமோலேனா என்ற களைச்செடியை அடக்க 1980களில் ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து நிலைப்படுத்தியதில் அவருடைய பங்கு பெரிது. காதல் சங்கிலிக் கொடி படர்ந்து கிடக்கும் அதே குவாம்தான்.

அழகுக்காகக் கொண்டுவந்து காடாகிப் போன பூங்கொடிகளிலும் இந்த வழி பலித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மடகாஸ்கரிலிருந்து வந்த ரப்பர் கொடி ஆற்றங்கரைகளை விழுங்கியபோது, 1995இல் அதே மடகாஸ்கரிலிருந்து ஒரு துருநோய்ப் பூஞ்சையைக் கொண்டுவந்து விட்டார்கள். இலை உதிர்ந்தது, விதை குறைந்தது, கொடியின் வேகம் மட்டுப்பட்டது. ஹவாய்த் தீவுகளில் ஆண்டீஸ் மலையிலிருந்து வந்த ‘பனானா போகா’ என்ற பாஷன் பழக் கொடி மலைக்காடுகளை மூடியபோது, செப்டோரியா என்ற பூஞ்சை 1990களில் அதை வெகுவாகக் குறைத்தது. அங்கே கவலை என்னவென்றால், மக்கள் விரும்பிச் சாப்பிடும் பாஷன் பழமும் அதே இனம். கொடியைக் கொல்லப் போய்ப் பழத்தையும் கொன்றுவிடக் கூடாதே என்று சோதித்த பிறகுதான் விட முடிந்தது.

கொடி ரோஸுக்கு வந்தால் இதே முடிச்சு இன்னும் இறுக்கமாக விழுகிறது. பப்பாளி விஷயத்தில் குளவி கொன்றது ஒரு பூச்சியை. இங்கே கொண்டுவரப்போகும் பூச்சி செடியைத் தின்பது. கொடி ரோஸைத் தின்னும் பூச்சி அதன் ஒன்றுவிட்ட உறவினர்களையும் ருசி பார்க்கலாம். கரீபியன் கடற்கரையில் அந்த உறவினர் யார் தெரியுமா? கடல் திராட்சை. கடலோர மணலைப் பிடித்து நிறுத்தி, நிழலும் பழமும் தரும் மரம். கொடி ரோஸும் அதுவும் ஒரே குடும்பம். கொண்டுவரும் பூச்சி ஒருநாள் கடல் திராட்சைக்குத் தாவினால் கடற்கரையே போய்விடும். விட்ட பூச்சியைத் திரும்பக் கூப்பிட முடியாது.

ஆகவே இதைத் தேர்ந்தெடுப்பது என்றால், கடையில் இருக்கும் பொருளை வாங்குவது போல அல்ல. மெக்சிகோவில் போய்த் தேட வேண்டும், அடைத்த கூடத்தில் கடல் திராட்சை உட்பட ஒவ்வொரு உறவுச் செடியிலும் விட்டுப் பார்க்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். வருடங்கள் ஆகும். மூவாயிரம் பேர் உள்ள தீவு தனியாகத் தாங்கும் செலவல்ல, அக்கம்பக்கத்துத் தீவுகள் சேர்ந்தால்தான் முடியும். தேன் எடுப்பவர்களின் சம்மதமும் தேவை. பசிபிக் தீவுகளில் இந்தக் குடும்பத்துச் சொந்த மரங்கள் குறைவு என்பதால், இதே வழி குவாமுக்கு ஸ்டேஷியாவைவிடச் சுலபமாக அமையலாம்.

நிழல்

கடைசி வழியைப் பற்றி ஆரவாரமாகப் பேசுகிறவர்கள் குறைவு. கொடி ரோஸ் வெயில் விரும்பி. சாலை ஓரம், கைவிட்ட வயல், வேலி, குப்பைமேடு என்று திறந்த இடமாகப் பார்த்துத்தான் பிடிக்கும். குவில் எரிமலையின் வாய்க்குள் உயரமான பசுமைக்காடு இருக்கிறது. விதானம் மூடிய அந்த மாதிரி நிழலுக்குள் இது தலையெடுக்காது. அப்படியானால் மரம் வளர்த்து நிழலாக்குவதே மருந்து.

சொல்வது சுலபம். மரம் வளரும் முன்பே கொடி அதன் மேல் ஏறிவிடும். ஆகவே முதல் சில வருடங்களுக்கு ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கொடியை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டுக்கு வேலி போட வேண்டும். அதன் பிறகும் வானம் கைகொடுக்க வேண்டும். 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்று இரண்டு புயல்கள் இரண்டே வார இடைவெளியில் அந்தப் பக்கத்துத் தீவுகளைப் புரட்டிப்போட்டன. குவில் சரிவில் மரங்கள் இலையிழந்து, பல சாய்ந்து, காட்டுக்குள் வெயில் இறங்கியது. கொடிக்கு அது திறந்த கதவு.

கிழங்கை நேரடியாகத் தொடாமல், இலைக்கு வெயில் போகாமல் நிறுத்திப் பட்டினி போடுகிறது நிழல். வெட்டு, மருந்து போன்ற வழிகளை வருடா வருடம் திரும்பச் செய்ய வேண்டும். நிழல் ஒருமுறை நிலைத்துவிட்டால் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் எங்கே தொடங்குவது?

எந்த ஆயுதம் என்று இவ்வளவு நேரம் பேசினோம். எந்த இடம் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். 1988இல் மூடி (Moody), மேக் (Mack) என்ற இரண்டு ஆய்வாளர்கள் பரவும் களைகளைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார்கள். அதை நம் வசதிக்கு எளிமையாக்கிப் பார்ப்போம். 100 மீட்டர் ஆரமுள்ள ஒரே பெரிய வட்டமாகக் கொடி இருக்கிறது. அதே மொத்தப் பரப்பு, 10 மீட்டர் ஆரமுள்ள 100 குட்டி வட்டங்களாகச் சிதறியும் இருக்கலாம். எல்லா விளிம்பும் வருடத்துக்கு 1 மீட்டர் நகர்கிறது என்றால், பெரிய வட்டம் கூடுதலாகப் பிடிப்பது சுமார் 630 சதுர மீட்டர். குட்டி வட்டங்கள் சேர்ந்து பிடிப்பது சுமார் 6,600 சதுர மீட்டர். பத்து மடங்கு.

நம் கையோ எப்போதும் பெரிய வட்டத்துக்குத்தான் போகும். ஊருக்கு நடுவில் இருப்பது, எல்லோர் கண்ணிலும் படுவது, புகைப்படம் எடுக்க வசதியானது அதுதான். அதில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது குன்றின் ஓரத்தில் ஒரு குட்டித் திட்டு, ஓடைக் கரையில் ஒன்று என்று சத்தமில்லாமல் முளைத்துக்கொண்டிருக்கும்.

சின்னதைத்தான் ஒழிக்க முடியும் என்பதற்குக் கலபகோஸ் தீவுகள் சாட்சி. அங்கே வந்தேறிச் செடிகளை முற்றிலும் ஒழிக்க 30 திட்டங்கள் போட்டதில் வெற்றி பெற்றவை 4. நான்குமே மிகச் சிறிய பரப்பில் இருந்தவை. தோல்விக்குக் காரணம் மருந்தோ மண்வெட்டியோ மட்டுமல்ல. நில உரிமையாளர் ‘என் நிலத்துக்குள் வராதே’ என்றால் அங்கேயே திட்டம் படுத்துவிடும். ஸ்டேஷியாவிலும் கொடி பாதி தனியார் வேலிக்குள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். ஒரு வீட்டு வாசலில் ஆசையாக வளர்த்த வளைவு நிற்கும் வரை, பக்கத்து ஓடையில் விதை மிதக்கும்.

ஆகவே என் கையில் பொறுப்பிருந்தால் இப்படித்தான் போவேன். முதல் வருடத்துப் பணம் முழுக்க, தள்ளித் தள்ளி இருக்கும் குட்டித் திட்டுகளுக்கு. மண் இளகிய இடத்தில் தோண்டுவது, கல் நிறைந்த இடத்தில் தண்டை வெட்டி மருந்து தடவுவது. குவில் பூங்காவின் எல்லையையும் இகுவானா முட்டையிடும் மண்ணையும் முதல் வரிசையில் வைப்பேன். அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போக, இரண்டாம் மூன்றாம் வருடப் பணத்தை முன்பே எடுத்து ஒதுக்குவேன். அது இல்லையென்றால் முதல் வருட வேலையைத் தொடங்கவே மாட்டேன். சாலை ஓரத்தில் ஏற்கெனவே புல் வெட்டும் ஆட்களுக்கு, பூ காயாக மாறும் முன் வெட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவைப்பேன். அது கொல்லாது, விதையைக் குறைக்கும்.

நடுச் சமவெளியில் மூடிக்கிடக்கும் பெரிய பாழ்நிலத்தை இப்போதைக்குத் தொட மாட்டேன். கேட்க எரிச்சலாக இருக்கும், ஊர்க் கூட்டத்தில் சத்தமும் வரும். அதன் விளிம்பில் மட்டும் ஒரு வரிசை உள்ளூர் மரங்களை வேலியோடு நட்டு, நிழலை மெல்ல உள்ளே நகர்த்துவேன். தேனீ வளர்ப்பவர்களுக்கும் அந்த இடைவெளி கிடைக்கும். வாசல் வளைவுக்காரர்களிடம் வெட்டு என்று சொல்வதற்கு முன், மாற்றுக்கொடி ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். நர்சரியில் கொடி ரோஸ் விற்பதை நிறுத்துவது, மேலே சொன்ன எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்த வேலை. அதற்கு ஒரு விதிமுறை போதும்.

அக்கம்பக்கத்துத் தீவுகள் சேர்ந்து பூச்சி தேடும் வேலைக்கு ஒரு பங்கு கேட்டால் கொடுப்பேன், ஆனால் அதை நம்பி மண்வெட்டியைக் கீழே வைக்க மாட்டேன். கடல் திராட்சையின் இலையைத் தொடாமல் பட்டினி கிடந்தே சாகிற ஒரு பூச்சி சோதனைக் கூடத்தில் கிடைத்துவிட்டால், அன்றைக்கு இந்த வரிசையையே மாற்றி, சமவெளிப் பாழ்நிலத்திலிருந்து தொடங்குவேன்.